முத்துக்குளித்துறை அச்செழுத்தும் மியூனிக் மாநகர மூலநிரலும்



மியூனிக்கில் நம்மோடு திருப்பலிக்கு வரும் இளம் குடும்பத்தினரில் கணிசமானோர் கணினித் துறையில் பணிபுரிகின்றனர். அவர்களுள் சிலர் பகலெல்லாம் நிறுவனத்துக்காக உழைத்துவிட்டு, இரவில் ஊதியம் ஏதுமின்றி உலகோர் அனைவருக்குமான மென்பொருளுக்காக உழைக்கிறார்கள் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். "ஃபாதர், என் மனத்துக்கு நெருக்கமானவை இரண்டு. ஒன்று விசுவாசம், மற்றொன்று கட்டற்ற மென்பொருள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லை நானாகக் கற்பித்துக்கொள்கிறேனா?" என்று அவர்களுள் ஒருவர் வினவினார். மறையுரையில் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிக்கும் செய்தி அன்று இது. வரலாற்றைத் தொட்டே விடை கூற இயலும் என்பதால் இந்த நீண்ட மடல்.

கணினி அறியாத பெரியவர்களுக்காக முதலில் ஒரு சொல். மென்பொருளை மனிதர் எழுதும் வடிவத்துக்கு மூலநிரல் என்று பெயர். பெரும்பாலான நிறுவனங்கள் இதை வெளியிடுவதில்லை. இயங்கும் வடிவத்தை மட்டுமே விற்கின்றன. ஒரு பாடலின் ஒலிப்பதிவைத் தந்துவிட்டு, இசைக்குறிப்பைத் தர மறுப்பதற்கு ஒப்பானது இது. நம் பாடகர் குழு அதைக் கேட்கலாம்; தம் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொள்ள இயலாது; தவறான சுரம் இருந்தால் திருத்தவும் இயலாது. மூலநிரலையும் சேர்த்தே தந்து, படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிப்பதே கட்டற்ற மென்பொருள், அல்லது திறந்த மூல மென்பொருள். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் இதற்கென ஓர் இயக்கத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார்.

இந்த இயக்கத்துக்கு நாம் அவசரப்பட்டுத் திருமுழுக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஸ்டால்மன் கடவுள் மறுப்பாளர். பழைய கணினித் தட்டு ஒன்றைத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக அணிந்து, தம்மையே ஒரு புனிதராக வேடமிட்டு அவர் மேடையில் நகைச்சுவை செய்வதுண்டு. எனக்கு அது மனவருத்தம் தரவில்லை. புனிதர்களைக் கேலி செய்பவர்களுக்கும் புனிதர்களின் இலக்கணம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆயினும், விசுவாசத்தால் உந்தப்பட்டு இத்துறைக்கு வந்தவர்களும் உண்டு. லாரி வால் என்பவர் மனைவியுடன் மொழியியல் பயின்றவர். எழுத்து வடிவம் பெறாத ஒரு மொழியைத் தேடிச் சென்று, அதற்கு எழுத்துருவாக்கி, அதில் விவிலியத்தை மொழிபெயர்ப்பதே அவ்விருவரின் நோக்கமாக இருந்தது. உடல்நலக் குறைவு அந்தப் பயணத்தைத் தடுத்தது. மறைப்பணிக்குச் செல்ல முடியாதவர் 1987 டிசம்பரில் பெர்ல் என்ற கணினி மொழியை உருவாக்கி, மூலநிரலோடு உலகுக்கு வழங்கினார். நல்முத்தைக் கண்டு தனக்குள்ள யாவற்றையும் விற்ற வணிகரைப் பற்றி மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரம் கூறும் உவமையிலிருந்து எடுத்த பெயர் அது. அப்பெயரில் முன்னரே வேறொரு கணினி மொழி இருந்ததால் முத்து என்னும் ஆங்கிலச் சொல்லின் ஓரெழுத்தை நீக்கினார். அம்மொழியில் ஒரு பொருளுக்கு அதன் இனத்தைச் சூட்டும் கட்டளைக்கு 'ஆசீர்வதி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையே வைத்தார். விசுவாசியா இல்லையா என்ற பேதமின்றி, பெர்ல் எழுதும் நிரலாளர் அனைவரும் நாள்தோறும் அச்சொல்லைத் தட்டச்சிடுகிறார்கள்.

இன்னொருவர் டொனால்ட் கனூத். லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். வீட்டிலேயே குழாய் ஆர்கன் அமைத்து வாசிப்பவர். 1977-இல் தம் நூலின் அச்சுப்படிகள் அழகற்றிருக்கக் கண்டு மனம் பொறாமல், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே உருவாக்கி இலவசமாக வழங்கினார். உலகின் கணித ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இன்றும் அதன் வழியேதான் அச்சேறுகிறது. விவிலிய நூல்களின் மூன்றாம் அதிகாரப் பதினாறாம் வசனங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1991-இல் வெளிவந்தது. அதன் எழுத்தோவியங்களை ஒருங்கிணைத்தவர் நம் பவேரியாவின் நியூரம்பெர்க்கில் பிறந்த ஹெர்மன் ட்சாஃப்.

இவ்விருவருக்கும் மூத்தவர் நம் இயேசு சபைக் குருவாகிய ரொபெர்த்தோ பூசா. குருத்துவக் கல்லூரியில் தூய தோமா அக்குவினாவை இலத்தீனில் படித்த என் தலைமுறைக்கு இவர்பால் தனிப் பாசம் உண்டு. தோமாவின் எழுத்துகளில் 'உள்ளே' என்று பொருள்படும் ஒரு சிறு இலத்தீன் இடைச்சொல் எங்கெல்லாம் வருகிறது என்று ஆராய, ஏறத்தாழ 10,000 அட்டைகளைக் கையாலேயே எழுதியவர் அவர். 1949-இல் நியூயார்க் சென்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து, துளையட்டை இயந்திரங்களைக் கேட்டுப் பெற்றார். அன்று தொடங்கிய பணி 30 ஆண்டுகள் நீண்டது. ஏறத்தாழ 1.1 கோடிச் சொற்கள், 56 தொகுதிகள். அச்சேறி முடிந்தது 1980-இல். இத்தாலியின் கல்லராத்தே நகரில் அமர்ந்து அத்தனை சொற்களையும் அட்டைகளில் துளையிட்டவர்கள் இளம்பெண்கள். அவர்களது பெயர்களை நெடுங்காலம் ஒருவரும் குறித்து வைக்கவில்லை. திருச்சபையிலும் சரி, கணினித் துறையிலும் சரி, இது பழகிப்போன குறை. பிற்காலத்தில் அந்தச் சொல்லடைவு இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் திறந்துவிடப்பட்டது. நான் இளங்குருவாக இருந்தபோது 56 தொகுதிகளை வாங்க வசதியுள்ள நூலகங்கள் சிலவே. இன்று கைப்பேசி வைத்திருக்கும் மாணவருக்கும் அது கிட்டும்.

பூசா பிறந்தது 1913-இல். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். அவர் கணினியைத் தொட்டவரல்லர் எனினும், இந்த வரலாற்றில் அவருக்குரிய இடம் பெரியது. அதற்கு நாம் முத்துக்குளித்துறைக்குச் செல்ல வேண்டும்.

என்றிக்கே என்றிக்கசு அடிகளார் 1546-இல் போர்த்துக்கலிலிருந்து இந்தியா வந்தார். யூத வழிவந்தவர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் இயேசு சபையில் சேர்ந்தவர் அவர். மொழிபெயர்ப்பாளரை நம்பியிராமல் தாமே தமிழ் கற்றார். கற்றதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல், பின்வரும் குருக்களுக்காக ஓர் இலக்கணத்தையும் எழுதினார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. வெறும் 16 பக்கங்கள். இந்திய மொழி ஒன்று இந்திய மண்ணில் தன் சொந்த எழுத்தில் அச்சேறியதாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் இதுவே. இதற்கான செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்கள் கடலில் மூழ்கி முத்தெடுத்த பரதவ மக்கள். அரசர் தந்த மானியத்திலும் வணிக நிறுவனத்தின் முதலீட்டிலும் பிறந்ததன்று தமிழ் அச்சு. பயன்படுத்தப்போகிறவர்களே பொருள் சேர்த்து, தமக்கும் தம் அயலாருக்குமாக உருவாக்கிக்கொண்ட கருவி அது. திறந்த மூல மென்பொருள் திட்டங்கள் பல இன்றும் இப்படித்தான் உயிர் வாழ்கின்றன.

ஆனால் இவ்வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. படிகள் குறைவாக இருந்தால் நூல் அழியும். 'தம்பிரான் வணக்கம்' நூலின் படி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. என்றிக்கசு அடிகளாரின் இலக்கணம் அச்சேறாமல் கையெழுத்துப் படியாகவே லிஸ்பன் நூலகத்தில் உறங்கி, 1982-இல்தான் இதே ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பதிப்பிக்கப்பட்டது. அந்தாம் டி புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, 16,000-க்கும் மேற்பட்ட சொற்களுடன், 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. பின்னர் அது கண்மறைந்துபோயிற்று. 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த படியைக் கண்டெடுத்துத் தமிழ் உலகுக்கு அறிவித்தவர் தனிநாயகம் அடிகளார். 1966-இல் கோலாலம்பூரில் அது மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. 275 ஆண்டுகள் தமிழர்க்கு எட்டாத தொலைவில் இருந்த தமிழ் அகராதி அது! எவரும் திருடவில்லை, எவரும் தடை செய்யவில்லை. படியெடுப்பார் இல்லாமையால் மட்டுமே நேர்ந்தது இது.

வீரமாமுனிவரின் வரலாறு இதற்கு எதிரிடையானது. இத்தாலியரான அவர் ஓலைச்சுவடித் தமிழில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்படுவதைக் கண்டார். எழுத்தில் சிறு மாற்றம் செய்து குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டினார். அந்த மாற்றத்துக்கு உரிமக் கட்டணம் கேட்டவர் இல்லை. எழுதியவர் எல்லாரும் எடுத்துக்கொண்டனர். இன்று இம்மடலில் நீங்கள் காணும் ஒவ்வோர் இரட்டைச்சுழிக் கொம்பும் அவ்வழி வந்ததே.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது மற்றொன்று. பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் எங்கே அச்சானது தெரியுமா? தரங்கம்பாடியில், சீகன்பால்கு நிறுவிய லூத்தரன் மிஷன் அச்சகத்தில்! வீரமாமுனிவர் லூத்தரன் போதகர்களுக்கு எதிராக 'வேதவிளக்கம்' முதலிய கண்டன நூல்களை எழுதியவர். அவர்களும் சளைத்தவர்கள் அல்லர். ஊர் ஊராக மக்களை ஈர்ப்பதில் இரு தரப்புக்கும் கடும் போட்டி. அப்படியிருந்தும் எதிரணிக் குருவின் இலக்கணம் நல்லது என்று கண்டபோது அதை அச்சிட்டார்கள். அதைக் கொண்டு தம் போதகர்களுக்குத் தமிழ் கற்பித்தார்கள். கிறிஸ்தவ ஒன்றிப்பு என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலம் அது. ஒரு கருவி எவ்வளவு நல்லது என்பதை அதை ஆக்கியவரின் சபையைக் கொண்டு அளக்கக் கூடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்று ஒன்றையொன்று வீழ்த்த முயலும் நிறுவனங்களின் ஊழியர்கள் லினக்ஸின் மூலநிரலில் அருகருகே அமர்ந்து உழைப்பதைக் கேள்விப்படும்போது எனக்குத் தரங்கம்பாடிதான் நினைவுக்கு வருகிறது.

இனி நம் பவேரியாவுக்கு வருவோம். 1997 மே மாதம் வூர்ட்ஸ்பர்க் நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் எரிக் ரேமண்ட் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை வாசித்தார். மென்பொருள் ஆக்கத்தில் இரு வழிகள் உண்டு என்றும், ஒன்று பேராலயம் போன்றது, மற்றொன்று சந்தை போன்றது என்றும் அவர் வகுத்தார். பேராலயம் என்றால் ஒரு சிலர் மூடிய அறையில் திட்டமிட்டுக் கட்டி முடித்த பின் திறப்பது. சந்தை என்றால் பலரும் வந்து போய் ஓயாமல் மாற்றியமைப்பது. அத்துறையின் புகழ்பெற்ற உவமையாக அது நிலைத்துவிட்டது. தூய கிலியான் பேராலயம் நிற்கும் நகரிலேயே இதைச் சொன்னார் என்பது ஒரு வேடிக்கை.

குருவானவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு முறையீடு உண்டு. நம் மியூனிக் மரியன்னை பேராலயம் அவருடைய வர்ணனைக்கு ஓரளவு பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1468-இல் அடிக்கல் இட்டு, யோர்க் வான் ஹால்ஸ்பாக் என்ற ஒரே தலைமைக் கொத்தனாரின் கீழ் 20 ஆண்டுகளில் எழுந்த கட்டடம் அது. ஆனால் கொலோன் பேராலயத்தைப் பாருங்கள். 1248-இல் தொடங்கியது, 16-ஆம் நூற்றாண்டில் பணி நின்றது, 1880-இல்தான் முடிந்தது. 632 ஆண்டுகள்! இடையில் ஒரு தெற்குக் கோபுரத்தின் அடிப்பாகம் மட்டும், மேலே மரப் பாரந்தூக்கியோடு, தலைமுறை தலைமுறையாக நின்றது. நின்றுபோன வேலையை மீண்டும் தொடங்க முடிந்தது எப்படி? மேற்கு முகப்பின் இடைக்கால வரைபடம், ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள தோல்சுருள், இரு துண்டுகளாகக் கிடைத்தது. 1814-இல் டார்ம்ஸ்டாட்டில் ஒரு பாதி, 1816-இல் பாரிசில் மறுபாதி. 19-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் தாம் ஒருபோதும் கண்டிராத முன்னோரின் வரைபடத்தைப் படித்து, அவர்கள் எண்ணியபடியே இரட்டைக் கோபுரங்களை எழுப்பினர். மூலநிரல் கிடைத்தால் இறந்தவரின் வேலையையும் தொடரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பேராலயம் மூடிய அறை என்று சொன்னவர் கொலோனைக் கணக்கில் எடுக்கவில்லை.

நம் மாநகராட்சியின் கதையை நீங்கள் பலரும் அறிவீர்கள். பழைய விண்டோஸ் பதிப்புக்கான ஆதரவு முடிவுக்கு வந்த வேளையில், 2003 மே 28-ஆம் நாள், ஏறத்தாழ 14,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற மாநகர மன்றம் வாக்களித்தது. வாக்கெடுப்புக்கு முன் மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் தம் விடுமுறையை இடைநிறுத்தி, மேயர் கிறிஸ்டியான் ஊடேயை நேரில் சந்திக்க இங்கு வந்தார். மேயர் அசையவில்லை. லிமக்ஸ் என்று பெயரிடப்பட்ட அத்திட்டம் 2013-க்குள் 15,000 கணினிகளை எட்டிற்று. 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்றது மாநகராட்சி. அந்தக் கணக்கை மைக்ரோசாப்ட் ஏற்கவில்லை. பின்னர் மேயர் மாறினார். அந்நிறுவனத்தின் ஜெர்மன் தலைமையகம் 2016-இல் புறநகரிலிருந்து ஷ்வாபிங்குக்கு வந்தது. 2017 நவம்பரில் விண்டோஸுக்குத் திரும்ப மன்றம் முடிவு செய்தது. இவற்றுக்குள் தொடர்பு கற்பிப்போர் உண்டு, மறுப்போரும் உண்டு. ஊழியர்களின் குறைகள் பலவும் லினக்ஸால் வந்தவை அல்ல என்றும், சிதறிக் கிடந்த நிர்வாகத்தால் வந்தவை என்றும் அத்துறையில் உள்ள நம் மக்களே என்னிடம் கூறியிருக்கிறார்கள். 2020-இல் பொறுப்பேற்ற கூட்டணி, மக்கள் பணத்தில் எழுதப்படும் நிரல் இயன்ற வரை மக்களுக்கே திறந்திருக்க வேண்டும் என்று மீண்டும் உடன்படிக்கை செய்துகொண்டது. 2024-இல் வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலம் 30,000 கணினிகளில் லிப்ரே ஆபீஸைக் கொண்டுவர முடிவெடுத்தது. ஆக, மியூனிக் தோற்றது என்று எழுதுவோர் சற்று அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இதெல்லாம் மாநகராட்சியின் கவலை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நமக்கு உண்டு.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போரின் நெருப்பிலிருந்து தப்பி இந்நாட்டுக்கு வந்த நம் பெரியவர்கள், அகதி விடுதிகளிலேயே செப தியானம் நடத்தினார்கள். கைக்கு எட்டிய முதல் கணினியில் பாமினி எழுத்துருவைப் பதித்து, பாடல் ஏடுகளையும் சிலுவைப்பாதைச் செபங்களையும் நவநாள் மன்றாட்டுகளையும் தட்டச்சிட்டார்கள். கெவலார் திருத்தலத் திருவிழாவுக்கென்று ஆண்டுதோறும் எத்தனை ஏடுகள்! இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாள் வெளியிடப்பட்ட நினைவு மலர்கள் எத்தனை! பாமினி ஒருங்குறிக்கு முற்பட்ட முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். தாத்தா தட்டச்சிட்ட செபம் பேரனின் திரையில் வெறும் குப்பையாகத் தெரிகிறது. தமிழ் ஒருங்குறி 1991 முதலே உண்டு. எனினும் நம் வழக்கம் மாற நெடுங்காலம் ஆயிற்று.

வழி காட்டியவர்கள் நம் புலம்பெயர்ந்த தமிழரே. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம், 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கியவர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தனர். அவர்களுள் கிறிஸ்தவர் அல்லாதோரே மிகுதி. ஆயினும் வீரமாமுனிவரின் 'தேம்பாவணி'யையும் அவர்கள் விட்டுவிடவில்லை. தரங்கம்பாடி லூத்தரன்களை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். 1981-இல் யாழ் நூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பலான பின், ஒரே இடத்தில் ஒரே படி என்பது எத்தகைய ஆபத்து என்று ஈழத்தவர்க்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும்கூட எண்ணிம வடிவில் காத்து வருகிறது.

எழுத்துருக்களைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் கைப்பேசியில் தமிழைக் காட்டும் நோட்டோ போன்ற எழுத்துருக்கள் பல, 'திறந்த எழுத்துரு உரிமம்' என்ற ஒப்பந்தத்தின்கீழ் வெளியானவை. எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். எழுத்துருவைத் தனியே விற்கக் கூடாது என்பது அதன் விதி. அந்த உரிமத்தை 2005-இல் எழுதியவர்கள், விவிலிய மொழிபெயர்ப்புக்காகச் சிறு மொழிகளை ஆராயும் எஸ்.ஐ.எல். என்ற கிறிஸ்தவ நிறுவனத்தார். எழுத்தில்லா மொழிகளுக்கு எழுத்தமைக்கப் புறப்பட்டவர்கள் உலகின் எல்லா எழுத்துகளுக்கும் உதவும் ஓர் உரிமத்தைத் தந்தார்கள். லாரி வால் செல்ல விரும்பிய பாதையும் இத்தகையதே. ஆகவே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று வினவிய அன்பருக்கு, உண்டு என்பதே என் விடை. அது அவருடைய கற்பனை அன்று.

ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டும். பகிர்தல் என்பது பிறர் உழைப்பை அவர் அனுமதியின்றி அள்ளிக்கொள்வதன்று. கட்டற்ற மென்பொருளும் ஆசிரியரின் உரிமையை அடித்தளமாகக் கொண்டே நிற்கிறது; ஆசிரியர் தாமே மனமுவந்து திறந்துவிடுவதால்தான் அது கட்டற்றதாகிறது. உயிரோடிருக்கும் அருட்தந்தையர், இசையமைப்பாளர் பலரின் பாடல்கள் நம் ஏடுகளில் பெயர்கூட இன்றிக் கிடக்கின்றன. அவற்றை வெளியிடுமுன் அவர்களிடம் கேட்போம், பெயரையும் சேர்ப்போம். கல்லராத்தே பெண்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர வேண்டாம்.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அரங்கில் நம் இளைஞர்கள் நால்வர் மடிக்கணினிகளோடு அமர்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டு அலமாரிகளில் உள்ள பாமினிக் கோப்புகள், பழைய குறுந்தகடுகள், நெகிழ்தட்டுகள், தட்டச்சுப் பிரதிகள் எவையாயினும் கொண்டு வாருங்கள். அவர்கள் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, திறந்த வடிவக் கோப்பாக உங்களுக்கும் ஒரு படி, பங்குக்கும் ஒரு படி தருவார்கள். நினைவு மலர்களைக் குடும்பத்தார் விரும்பினால் நூலகத்துக்கும் அனுப்புவார்கள். தட்டச்சிட்டவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தால் நன்று. பிழை திருத்தத் தமிழ் நன்கறிந்த தாய்மார் ஐவராவது தேவை. நெகிழ்தட்டு வாசிக்கும் கருவி எவரிடமாவது இன்னும் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஊரெல்லாம் தேடியும் எங்களுக்கு அது கிட்டவில்லை.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை